கை நனைத்த வழக்கு

பத்து வயது முடிவதற்குள் ஒரே மனிதனுக்கு நான்கு முறை மரண தண்டனை விதித்து, மூன்று முறை அதை ரத்தும் செய்தவன் நான். எந்த உச்ச நீதிமன்ற நீதிபதிக்கும் இந்த வேகம் வராது. அவர்களுக்கு சாட்சி, வாதம், சட்டப் புத்தகம் எல்லாம் வேண்டும். எனக்குத் தின்பண்டம் போதும். அத்தை முறுக்கு கொடுத்தால் தூக்கு. அம்மா வேர்க்கடலை அவித்துக் கொடுத்தால் விடுதலை. இரண்டும் இல்லாத நாளில் தீர்ப்பை ஒத்திவைத்துவிட்டு வாய்க்காலில் குதிக்கப் போய்விடுவேன்.

சிரிக்கிற விஷயமில்லை. அந்த மனிதன் நிஜமாகவே தூக்குக்குக் காத்திருந்தான். அவன் கொன்றது என் சித்தப்பாவை.

சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி. வளைகுடாவில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாணமான நாலாம் மாதம் விமானம் ஏறியவர், அதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, கைநிறைய சாக்லேட்டும் வாய்நிறைய அந்த ஊர்க் கதையுமாக வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போவார். சித்தி எங்களோடுதான் இருந்தாள். குழந்தை இல்லை. தெருவில் உள்ளவர்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். பேச்சு குறைவு. தையல் மிஷின்தான் அவளுக்கும் சேர்த்துப் பேசும்.

அங்கே ஒரு அறையில் எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் சமையல் முறை வைத்திருந்தார்கள், நம் ஊரில் தண்ணீருக்கு முறை வைப்பதுபோல. ஒரு வெள்ளிக்கிழமை யாருடைய முறை என்பதில் சித்தப்பாவுக்கும், கோடியக்கரைப் பக்கத்திலிருந்து போன ஓர் ஆளுக்கும் பேச்சு முற்றியது. பேச்சு கையானது, கை குக்கரானது. சித்தப்பாவின் தலையில் விழுந்த அடி மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் உயிரை எடுத்துக்கொண்டது. பெட்டியில் வந்தார். திருச்சி ஏர்போர்ட்டில் அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த வயதில், கையெழுத்துப் போட்டால் எதையும் கொடுத்துவிடுவார்கள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை ஏற்பட்டது அப்போதுதான்.

கையெழுத்தின் அருமை அதற்கடுத்த வருஷம்தான் முழுதாகப் புரிந்தது. அந்த நாட்டுக் கோர்ட், கோடியக்கரைக்காரனுக்குத் தூக்கு என்று சொல்லிவிட்டது. ஆனால் அந்த ஊர்ச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறதாம். செத்தவனின் மனைவி மன்னித்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் தூக்கு கிடையாது. சில வருஷம் ஜெயிலோடு போய்விடும். போடாவிட்டால் தூக்குதான். அதற்கான தாள் எங்கள் வீட்டுக்கே வந்து, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டது. பொங்கலுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று கெடு.

எங்கள் கணக்கு வாத்தியார் இதை எனக்கு விளக்கினார். "நம்ம நாட்டுல கருணை மனு ஜனாதிபதிக்குப் போகும்டா. அந்த நாட்டுல உங்க சித்திக்கு வந்திருக்கு."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தையல் மிஷின் முன்னால் விறைப்பாக நின்று ஒரு சல்யூட் வைத்தேன். ஜனாதிபதி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "போய்க் கால் கழுவு" என்றார்.

அதிலிருந்து வீட்டில் ஒருவராலும் உட்கார முடியவில்லை. அப்பா சாப்பிடும்போதே எழுந்து நடப்பார். உப்பு எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் நிற்பார். ஐப்பசி அடைமழை வேறு. வயலில் சம்பாப் பயிர் கழுத்தளவு தண்ணீரில் நின்றது. அப்பா வடிகாலுக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். செல்போன் அடித்தால் மூன்று பேர் ஓடுவார்கள். எடுத்தால் ஏதோ கம்பெனிக்காரன் கடன் வேண்டுமா என்று கேட்பான். அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, தன் வீட்டைப் பூட்டிவிட்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். சித்தி மனம் மாறிக் கையெழுத்துப் போட்டுவிடாமல் காவல் காக்க.

அத்தையின் வாதம் சுருக்கமானது. "என் தம்பி மண்ணுக்குள்ள கெடக்கான். அவன் ஜெயில்ல மூணு வேளை தின்னுக்கிட்டு இருக்கணுமா? உயிருக்கு உயிரு. அவ்வளவுதான்."

அப்பா அதையே கொஞ்சம் நீட்டிச் சொல்வார். பயம் இருந்தால்தான் ஒருத்தன் கையை ஓங்க யோசிப்பான் என்பார். நம் ஊரில் கொலை செய்தவன் ஜாமீனில் வந்து கோயில் திருவிழாவில் மாலை வாங்குகிறான், அங்கேயாவது நியாயம் நடக்கட்டும் என்பார்.

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு பதில் சொல்வாள். அவனைத் தொங்கவிட்டால் கொழுந்தன் எழுந்து வந்து இந்த இலையில் உட்காரப் போகிறாரா? பேசத் தெரியாத ஊரில், பாஷை தெரியாத கோர்ட்டில், அவன் என்ன சொன்னானோ, அவர்கள் என்ன எழுதிக்கொண்டார்களோ. நாளைக்கு வேறு விதமாகத் தெரிய வந்தால், போட்ட கயிற்றை அவிழ்க்க முடியுமா? "சட்டம் கொன்னா அது சட்டத்தோட போவும். இது நம்ம வீட்டு வாசல்ல வந்து நிக்கிது. நம்ம கையால ஒரு சாவு எதுக்கு?" என்று முடிப்பாள். அத்தை உடனே, "ஒன் கூடப்பொறந்தவனா இருந்தா இப்படிப் பேசுவியா?" என்பாள். தாளிப்பு கருகும்.

டீக்கடை பெஞ்சிலும் வழக்கு நடந்தது. டீ மாஸ்டர் ஒருவர்தான் அங்கே எதிர்க்கட்சி. "தூக்குல தொங்குனவன்ல எவனாவது மாடி வீட்டுக்காரன் உண்டா? சொல்லுங்க பாப்போம். கயித்துக்குக்கூட ஏழை கழுத்துதான் அளவு சரியா இருக்கு" என்பார். பெஞ்சில் இருந்தவர்கள், "அதுக்காகக் கொன்னவனுக்கு டீ ஆத்திக் குடுக்கச் சொல்றியா?" என்பார்கள். பணம் வாங்கிக்கொண்டு மன்னிக்கவும் அங்கே விதி இருக்கிறது என்று ஒருவர் எங்கள் வீட்டுக்கே வந்து ஆரம்பித்தார். அவர் செருப்பை எடுத்துக்கொள்ளாமல் ஓடியதைப் பார்த்தவன் நான். அத்தையின் கையில் விளக்குமாறு இருந்தது.

எல்லாரும் பேசினார்கள். சித்தியிடம் மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அவள் என்ன நினைக்கிறாள் என்பது எல்லாருக்கும் தெரியும் என்று எல்லாரும் வைத்துக்கொண்டார்கள். புருஷனைப் பறிகொடுத்தவள் வேறு என்ன நினைப்பாள்?

இந்த நிலைமையில்தான் அந்தப் பெண்மணி வந்து சேர்ந்தாள். கோடியக்கரைக்காரனின் அக்கா. தாய் இல்லாத தம்பியை வளர்த்தவளாம். வேதாரண்யம் பக்கம் உப்பளத்தில் வேலை. மூன்று பஸ் மாறி, குடமுருட்டிக் கரையில் இருக்கும் எங்கள் ஊருக்கு உச்சி வேளையில் வந்து இறங்குவாள். முதல் நாள் வாசல்வரை வந்தாள். அத்தை போட்ட சத்தத்தில் பின்வாங்கி, எதிரே வாய்க்கால் மதகுக் கட்டையில் போய் உட்கார்ந்தாள். சாயங்காலம் பஸ் வரும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். அழவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். அதுதான் எங்கள் வீட்டாருக்குத் தாங்க முடியாமல் இருந்தது. இரண்டாவது வாரமும் வந்தாள்.

அத்தை ஒரு கட்டளை போட்டாள். "ஒரு வாய்த் தண்ணி குடுக்கக் கூடாது. கை நனைச்சான்னா முடிஞ்சிது."

இதை எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பகை இருக்கும் வீட்டில் நாங்கள் கை நனைக்க மாட்டோம். பெண் கேட்டுப் போனால்கூட, பேச்சு முடியாமல் காபித் தம்ளரைத் தொட மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று பொருள். சோறு போட்டவனும் கட்டுப்பட்டவன், தின்றவனும் கட்டுப்பட்டவன். எங்கள் ஊரில் ஒருவர் வரப்புத் தகராறில் பதினோரு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தார். ஒரு கல்யாணப் பந்தியில், சமைத்தது எதிரி வீட்டில் என்று தெரியாமல் இரண்டு கரண்டி ரசம் வாங்கிக் குடித்துவிட்டார். மறுநாளே கேஸை வாபஸ் வாங்கினார். "ரசம் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டால் இன்றைக்கும் அடிக்க வருவார்.

மதகுக் கட்டையைக் கண்காணிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. நானாகவே எடுத்துக்கொண்டேன் என்று சொல்வதுதான் சரி. அன்று என் வாயில் அத்தையின் முறுக்கு இருந்ததால் நான் தூக்குக் கட்சி. அந்த அக்காவின் எதிரே போய்க் கைகட்டி நின்று, வகுப்பில் பேச்சுப் போட்டிக்குப் பேசுவதுபோல, உயிருக்கு உயிர், பயம் இருந்தால்தான் கை ஓங்க மாட்டான், ஜெயிலில் மூன்று வேளைச் சோறு என்று வரிசையாக ஒப்பித்தேன்.

அவள் கடைசிவரை கேட்டாள். உப்புத் தண்ணீரில் வெடித்த பாதங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எத்தனாவது படிக்கிற தம்பி?"

"அஞ்சாவது."

"நல்லாப் பேசுற. யாரு எழுதிக் குடுத்தா?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நானேதான் பேசுறேன்" என்றேன்.

"அப்ப முறுக்க முழுங்கிட்டுப் பேசு. பொரையேறிக்கும்" என்றாள்.

ஒரு நீதிபதியை இதற்கு மேல் யாரும் அவமதிக்க முடியாது. நான் திரும்பி வந்துவிட்டேன். ஆனாலும் அன்று முழுக்க மனசு ஒரு நிலையில் இல்லை. அந்தக் கால்கள் என்னவோ செய்தன. அம்மாவிடம் போய் வேர்க்கடலை இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையென்றாள். தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது.

இதற்கிடையே பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு சட்ட ஆலோசகன் கிடைத்தான். அவன் மாமா போலீஸ்காரர். ஆகவே அவன் சொல்வதெல்லாம் சட்டம். தூக்கில் போடுவதற்கு முன்னால் கடைசியாக ஒருவேளை நல்ல சாப்பாடு போட வேண்டும் என்றான். போடாவிட்டால்?

"போடலன்னா தூக்கு செல்லாதுடா. கயிறு அறுந்துரும்."

இது என்னை ஆட்டிவிட்டது. அத்தையும் அப்பாவும் இவ்வளவு பாடுபட்டு, கடைசியில் ஒரு வேளைச் சோற்றுக்காகக் கயிறு அறுந்துவிட்டால்? கடல் தாண்டி இருப்பவனுக்கு நாம் எப்படிச் சோறு போடுவது? இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் விடை கிடைத்தது. அமாவாசைக்கு அப்பா செத்துப்போனவர்களுக்குச் சோறு வைத்துவிட்டு, "கா... கா..." என்று கூப்பிடுகிறாரே. தின்பது காக்கை, போய்ச் சேருவது தாத்தாவுக்கு. ஆக, ஒருவருக்கு உரிய சோற்றை இன்னொருவர் சாப்பிட்டால் செல்லும். கூடப்பிறந்த அக்கா, காக்கையைவிட நெருங்கிய உறவுதானே?

என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. இன்றைக்கும் அப்படி ஒரு யோசனை எனக்கு வந்ததில்லை. வராமல் இருப்பது நல்லது.

மூன்றாவது முறை அந்த அக்கா வந்த அன்று காலையிலிருந்து மழை. பள்ளிக்கூடம் விடுமுறை. வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டது என்று அப்பா மண்வெட்டியோடு போயிருந்தார். அம்மாவும் துணைக்குப் போயிருந்தாள். அத்தை ரேஷன் கடையில் சர்க்கரை போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, காவலை என்னிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினாள். உள்ளே சித்தி மிஷினில் இருந்தாள். வெளியே, உரச்சாக்கைக் கொங்காணி போட்டுத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, மதகுக் கட்டையில் அந்த அக்கா நனைந்துகொண்டிருந்தாள்.

இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. அடுக்களைக்குள் போனேன். ஒரு தட்டு நிறையச் சோறு போட்டேன். மதியத்து மீன்குழம்பு இருந்தது. கடைசிச் சாப்பாடு ஆயிற்றே, கஞ்சத்தனம் கூடாது என்று நடுத்துண்டாக இரண்டு வைத்தேன். ஓர் அப்பளம். தட்டின்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து, மழையில் ஓடி, அவள் மடியில் வைத்தேன்.

அவள் தட்டைத் திறக்கவில்லை. என்னையே பார்த்தாள்.

"யாருப்பா குடுக்கச் சொன்னது?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. நான்தான் என்று சொன்னால் அஞ்சாவது படிக்கிறவன் சொல்லுக்கு மதிப்பிருக்காது. அதிகாரம் உள்ளவர் பெயரைச் சொல்ல வேண்டும். ஜனாதிபதி ஞாபகம் வந்தார்.

"சித்திதான்" என்றேன்.

அவள் முகம் என்னவோ ஆனது. தலைச்சாக்கு நழுவி வாய்க்காலில் விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. எங்கள் வீட்டு வாசலைப் பார்த்து ஒருமுறை கும்பிட்டாள். மழையிலேயே கையை நீட்டிக் கழுவிக்கொண்டாள். பிறகு சாப்பிட ஆரம்பித்தாள். நான் ஒருவர் அப்படிச் சாப்பிட்டு அதுவரை பார்த்ததில்லை. பசியில் சாப்பிடுவதுபோலவும் இல்லை, ருசித்துச் சாப்பிடுவதுபோலவும் இல்லை. ஒவ்வொரு பருக்கையும் கணக்கில் சேர வேண்டும் என்பதுபோலச் சாப்பிட்டாள். சோற்றில் மழை விழுந்துகொண்டிருந்தது. முள்ளைக்கூடச் சப்பித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தாள்.

தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு நேராக எங்கள் வாசலுக்கு வந்து நின்றாள். "தாயி..." என்று கூப்பிட்டாள். மிஷின் நின்றது. அதே நேரம் தெருமுனையில் சர்க்கரைப் பையோடு அத்தை வந்தாள்.

அடுத்த ஐந்து நிமிஷத்தில் தெருவே எங்கள் வாசல் தகரக் கொட்டகையில் இருந்தது. யாரோ ஓடிப்போய் அப்பாவையும் அம்மாவையும் அழைத்து வந்தார்கள். அத்தை அந்த அக்காவின் கையிலிருந்த தட்டைப் பிடுங்கினாள்.

"எங்க வீட்டுத் தட்டு ஒங்கையில எப்படி வந்துச்சு? யாருடி ஒனக்குச் சோறு போட்டது?"

"கை நனைச்சிட்டேங்க. இந்தத் தம்பிதான் கொண்டாந்துச்சு. சித்தி குடுக்கச் சொன்னாங்கன்னு..."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அப்பா முழங்கால்வரை சேற்றோடு நின்றுகொண்டு, "எவன்டா ஒங்கிட்ட சொன்னது?" என்றார். நான் கெட்டிக்காரன் என்று நிரூபிக்க இதுதான் சமயம் என்று அந்தக் கணத்திலும் நம்பினேன்.

"தூக்குல போடுறதுக்கு முந்தி நல்ல சோறு போடணும்லப்பா. போடலன்னா கயிறு அறுந்துரும். அதான் மீன்கொழம்பு ஊத்தினேன். சித்தி சொன்னாங்கன்னு நானாத்தான் சொன்னேன்."

அந்த அக்கா தன் வலது கையை விரித்துப் பார்த்தாள். அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவள்போல நின்றாள். முந்தானையில் துடைத்தாள், மறுபடி பார்த்தாள். ஒரு பெரிய தப்பு நடந்துவிட்டது என்று மட்டும் எனக்குத் தெரிந்தது. என்ன தப்பு என்று தெரியவில்லை.

அப்பாவுக்கு வந்த கோபத்தில் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். கை மேலே போனது.

"புள்ளைய அடிக்காதீங்க!" என்று கத்தியது அந்த அக்காதான். "அது என்ன செய்யும், பச்சப்புள்ள. அடிச்சு என்ன ஆச்சு? எந்தம்பியும் அடி பொறுக்காமத்தான் கையில கெடச்சதத் தூக்குனான்..."

"யாருடி மொதல்ல அடிச்சது?" என்று அத்தை பாய்ந்தாள். "செத்தவன் மேல பழி போடுறியா?"

"பழி இல்லீங்க. செஞ்சது பாவந்தான், இல்லேங்கல. கோர்ட்டுல சொல்ல அவனுக்குப் பாஷை வல்ல. போன்ல எங்கிட்டதான் அழுதான். அவருதான் பெல்ட்டக் கழட்டி..."

"வாய மூடுடி!"

அப்போதுதான் கதவோரத்திலிருந்து சித்தி கேட்டாள். அவள் குரலை அந்த வாரத்திலேயே அப்போதுதான் கேட்டேன் என்று நினைக்கிறேன்.

"கொக்கி இருக்குற பக்கமாவா?"

அந்த அக்கா திகைத்து நிமிர்ந்தாள். பிறகு தன் புருவத்துக்குமேல் விரலை வைத்துக் காட்டினாள். "ஆமாந் தாயி. இங்க பிஞ்சிருக்காம். ஏழு தையல்."

சித்தி தலையை ஆட்டினாள். ஊரிலிருந்து வந்தவர் சொந்தக்காரர்களின் சௌக்கியத்தைச் சொல்லும்போது நாம் தலையாட்டிக் கேட்போமே, அப்படி. அம்மா சட்டென்று கீழே குனிந்து, இல்லாத எதையோ பொறுக்கினாள். அவ்வளவு நேரம் கத்திய அத்தை வாயை மூடிக்கொண்டு, கழுவிய தட்டையே முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். மழை விட்டுவிட்டதால் இனிக் கத்தினால் ஊருக்கே கேட்கும் என்று அடங்கிவிட்டாள்போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"நான்தான் குடுக்கச் சொன்னேன்" என்றாள் சித்தி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இல்ல சித்தி, நான்தான..." என்று ஆரம்பித்தேன். சித்தி என் பக்கம் திரும்பவே இல்லை.

"அவன் பயந்துபோயி ஒளறுறான் மாமா. அவனை விடுங்க. நான் சொல்லித்தான் கொண்டுபோயிக் குடுத்தான்."

அப்பாவின் பிடி தளர்ந்தது. "நல்லா யோசிச்சுத்தான் பேசுறியாம்மா? அவன் என் தம்பி..."

"எனக்கும் புருஷன்தான் மாமா. நான் அழுதது ஒண்ணும் பொய்யில்ல." அத்தையின் பக்கம் திரும்பினாள். "அவங்க கை நனைச்சாச்சு. தெருவே பாத்தாச்சு. இனிமே பேச என்ன இருக்கு? பீரோ சாவியக் குடுங்க."

அத்தை ஏதாவது சொல்வாள் என்று எல்லாரும் பார்த்தார்கள். அத்தை இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, யார் முகத்தையும் பார்க்காமல் நீட்டினாள்.

அந்த அக்கா சித்தியின் காலில் விழப் போனாள். சித்தி பின்னால் நகர்ந்துகொண்டாள். "அதெல்லாம் வேணாங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வாரம் தஞ்சாவூரில் ஓர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அப்பா கூட வந்தார். ஆனால் வெளியே வேப்பமரத்தடியில் நடந்துகொண்டே இருந்தார், உள்ளே வரவில்லை. சித்திக்குத் துணை நான்தான். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் தாளைப் படித்துக் காட்டிவிட்டு, "யாரும் வற்புறுத்தலையே? உங்க விருப்பத்தோடதானே?" என்று கேட்டார். சித்தி நிதானமாகத் தன் முழுப் பெயரையும் எழுதினாள். எழுத்து தையல்போல நெருக்கமாக இருந்தது. ஒரு மனிதன் பிழைப்பதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நான் இன்னும் ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தேன். அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா முன் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். சித்திக்கும் எனக்கும் பின்னால் இடம் கிடைத்தது. இரண்டு பக்கமும் தண்ணீர் வடிந்து பயிர் தலைதூக்கியிருந்தது. ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்ததை நான் அப்போதுதான் கேட்டேன்.

"சித்தி, அன்னிக்கு எனக்கு அடி விழக் கூடாதுன்னுதான பொய் சொன்னே?"

சித்தி என்னைப் பார்த்தாள். அந்த வருஷத்தில் முதல்முறையாகச் சிரித்தாள். "ஆமாடா. ஒனக்கு அடி விழக் கூடாதுன்னுதான்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் முதுகுக்காக ஒரு கொலைகாரனையே மன்னித்திருக்கிறார்கள். இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லி, கல்லூரியிலும் சொல்லி, பல வருஷம் பெருமை அடித்திருக்கிறேன். அன்று அந்தப் பெருமையை இன்னும் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கிக்கொள்ள ஆசைப்பட்டேன்.

"பெல்ட்டால அடிச்சிருந்தா ரெண்டு நாள் வலிச்சிருக்கும்ல?"

"நாலு நாளு" என்றாள் சித்தி. "மல்லாந்து படுக்க முடியாது."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்பாவிடம் பெல்ட்டே கிடையாது. அவர் வாழ்நாள் முழுக்க வேட்டிதான். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் பெல்ட்டால் அடித்து நான் பார்த்ததில்லை. பின்னே நாட்கணக்கு சித்திக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். அவ்வளவு கேள்வி கேட்கிற பையன், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், பஸ் ஊர்போய்ச் சேர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. நான் கேட்டது, பாபநாசத்தில் இறங்கியதும் கலர் சோடா வாங்கித் தருவாயா என்று.

வாங்கித் தந்தாள்.